உறைபனிக்கு முன் வீட்டுக்குள் ஒரு சுற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடுங்குளிர் தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குளிர்காலத்துக்கு வீட்டை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பதைப் பற்றியே இருந்ததால், ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறேன். வெப்பநிலை அளவுகள் யாவும் செல்சியஸில் குறிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: சென்ற கோடையில்தான் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறினோம். கடுங்குளிர்காலம் எங்களுக்கு இதுவே முதல் முறை. ஹீட்டர் பழையது என்பதால் அதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். ஜன்னல்களைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று நான் சொல்கிறேன். யார் சொல்வது சரி, ஐயா?

பதில்: இருவருமே சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அம்மா. ஹீட்டரையும் ஜன்னலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை வீட்டின் ஓட்டைகளை அடைப்பதுதான். ஓட்டைப் பானையில் எவ்வளவு பெரிய குடத்தால் நீரை ஊற்றினாலும் அது நிறையாது. அதுபோல, காற்றுக் கசியும் வீட்டில் பெரிய ஹீட்டரை வைத்தால் அது கூடுதலாக எரிபொருளைத் தின்னுமே தவிர, உங்கள் கால் சில்லிடுவது நிற்காது.

கசிவு எங்கே இருக்கிறது என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சூடான காற்று இலேசானது. அது மேலே ஏறி, கூரைக்கு அடியிலுள்ள பரண்வெளிக்குள் கிடைத்த இடுக்குகளிலெல்லாம் புகுந்து வெளியேறிவிடுகிறது. அவ்வாறு போன காற்றின் இடத்தை நிரப்பத் தரையோரத்திலும் கதவடியிலும் உள்ள இடைவெளிகளின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வீடே ஒரு புகைபோக்கியைப் போல நடந்துகொள்கிறது என்று சொல்லலாம். வெளியே குளிர் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். ஆகவே கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலில் ஊதல் படுகிறது என்றால், அதற்குக் கதவடி இடைவெளி பாதிக் காரணம். மீதிப் பாதி அவர் தலைக்கு மேலே பரணில் இருக்கிறது. ஜன்னல் சட்டத்தின் மயிரிழைக் கீறலுக்கு மணிக்கணக்கில் பட்டி பூசிவிட்டு, பரணுக்கு ஏறும் வழியின் மூடியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இருக்கும் இடைவெளியைக் கண்டுகொள்ளாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. காற்று வீசும் ஒரு குளிர்ந்த நாளில் ஜன்னல்களையும் கதவுகளையும் சாத்திவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். புகை நூல் பிடித்ததுபோல நேராக மேலே போகும் இடத்தில் குறையில்லை. அது திடீரென்று வளைந்தாலோ சிதறினாலோ அங்கே நின்று பாருங்கள். வெளிச்சுவரில் பதித்த மின்செருகிகள், கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலான கோடு, கழுவுதொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் துளை, அடித்தளச் சுவரின் மேல் வீட்டின் மரச்சட்டம் உட்காரும் இடம் ஆகியவை தவறாமல் காட்டிக்கொடுக்கும். பரணில் ஊதுபத்திகூடத் தேவையில்லை. அங்கே விரித்திருக்கும் கண்ணாடியிழைப் பஞ்சை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், சில இடங்களில் கரும்புகை படிந்ததுபோல அழுக்கேறி இருக்கும். பல ஆண்டுகளாகக் கீழிருந்து கசிந்த காற்றிலுள்ள தூசியைப் பஞ்சு வடிகட்டி வைத்த தடம் அது. அந்தப் பஞ்சைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஓட்டை இருக்கும்.

சிறு கீறல்களுக்குச் சிலிக்கான் பூச்சும், விரல் நுழையும் துளைகளுக்கு நுரை அடைப்பும், திறந்து மூடும் கதவு ஜன்னல்களுக்கு ரப்பர் பட்டையும் போதும். ஆனால் இரண்டு இடங்களில் கைவைக்கும் முன் யோசியுங்கள். புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சாதாரண நுரையால் அடைக்கக் கூடாது. அது எரியக்கூடியது என்பதால், அங்கே தகரத் தகடும் தீயைத் தாங்கும் பூச்சும் தேவைப்படும். எரிவாயு அல்லது எண்ணெய் எரியும் சாதனம் இருக்கும் அறையில் காற்று வருவதற்கென்றே வைக்கப்பட்ட துளையை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

ஓட்டைகளை அடைத்த பிறகு பரணில் வெப்பக் காப்பு எத்தனை கனம் இருக்கிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். கடுங்குளிர் உள்ள இடங்களில் கண்ணாடியிழைப் பஞ்சு 25 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் மேலே இன்னொரு படுகை விரிக்கலாம். பஞ்சு தானாக வெப்பத்தைத் தடுப்பதில்லை; அதற்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் தடுக்கிறது. அதனால் அதன்மேல் பழைய பெட்டிகளை அடுக்கி நசுக்கினாலும், கூரை ஒழுகி அது நனைந்தாலும் அதன் பயன் போய்விடும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு, இருக்கும் ஹீட்டரே போதுமானது என்று உங்கள் கணவருக்குத் தோன்றினால் நான் வியப்படைய மாட்டேன்.

கேள்வி: சென்ற குளிர்காலத்தில் சமையலறைக் குழாய் உறைந்து வெடித்தது. இத்தனைக்கும் அந்தக் குழாயின் மேல் நுரை உறை போட்டிருந்தோம். பிறகு ஏன் வெடித்தது? இந்த ஆண்டு என்ன செய்ய வேண்டும்?

பதில்: நுரை உறை ஒரு போர்வை, அது அடுப்பு அல்ல. போர்வைக்குள் இருப்பது உயிருள்ள உடம்பாக இருந்தால் அந்தச் சூடு தங்கும். குழாயில் அசையாமல் நிற்கும் நீருக்குச் சொந்தச் சூடு கிடையாது என்பதால், உறை அது குளிர்வதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. ஓர் இரவு உறைபனிக்கு அந்தத் தாமதம் போதும். மூன்று நாள் தொடர் குளிருக்குப் போதாது.

வெடித்த விதத்தையும் புரிந்துகொள்வது நல்லது. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. பனிக்கட்டி நேரடியாகக் குழாயைப் பிளக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. குழாயின் நடுவே உருவான பனிக்கட்டி அடைப்பு வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் குழாய்த் திருகுக்கும் இடையில் அகப்பட்ட நீர் போக்கிடம் இல்லாமல் நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம் தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது, பனிக்கட்டி இல்லாத ஓரிடத்தில்கூடக் குழாய் பிளந்துகொள்ளும். கடுங்குளிர் இரவில் திருகைச் சற்றுத் திறந்து நூல்போல நீர் ஒழுகவிடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஓடும் நீர் உறைவதற்குத் தயங்கும் என்பது ஒரு பயன். அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது என்பது அதைவிடப் பெரிய பயன். சூடான நீர், குளிர்ந்த நீர் ஆகிய இரண்டு திருகுகளையுமே ஒழுகவிட வேண்டும்.

வெளியே வெப்பநிலை −6, −7 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகளில், வெளிச்சுவரை ஒட்டிய கழுவுதொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அறையின் சூடு குழாயை எட்டுவதற்கு இது போதும். உங்கள் வீட்டில் குழாய் சமையலறைச் சுவரை ஒட்டித்தான் வெடித்தது என்பதால், சுவரில் குழாய் நுழையும் துளையில் ஊதல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அசையாத குளிரைவிட ஒரே இடத்தில் விடாமல் படும் ஊதல் குழாயை விரைவில் உறையவைத்துவிடும். தோட்டத்துக் குழாயில் மாட்டிய ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளித்திருகைத் திறந்து மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். ரப்பர்க் குழாய் மாட்டியே இருந்தால் நீர் வடியாது.

இனி, எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரத்தில் என் வீட்டில் கழுவுதொட்டித் திருகைத் திறந்தபோது இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. அடியில் குனிந்து குழாயைத் தடவியபோது, ஒரு முழ நீளத்துக்கு மட்டும் மேலே மெல்லிய வெண்பொடி படிந்து, தொட்ட விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லென்றிருந்தது. திருகைத் திறந்தே வைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் திருகின் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி மெதுவாகச் சூடுகாட்டினேன். முக்கால் மணி நேரத்துக்குப் பின் குழாய் ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. இந்த வரிசை முக்கியம்: உருகும் நீருக்கு வெளியேற வழி இருக்க வேண்டும். தீச்சுடரைக் குழாயருகே கொண்டுபோகவே கூடாது. சுவருக்குள் இருக்கும் மரம் கனன்று, சில மணி நேரம் கழித்துத் தீப்பிடித்த வீடுகள் உண்டு.

இன்னொன்று. வீட்டுக்கு வரும் நீர் முழுவதையும் நிறுத்தும் தலைமை வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும். இன்றே போய் அதை ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். பல ஆண்டுகளாகத் தொடாத வால்வு துருப்பிடித்து இறுகியிருக்கும். அது இறுகியிருக்கிறது என்பதை நள்ளிரவில் கணுக்கால் நீரில் நின்றுகொண்டு அறிவதைவிட இப்போதே அறிவது மேல்.

கேள்வி: எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் காலையில் வியர்த்து வழிகின்றன, சட்டத்தின் மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் படிகிறது. ஜன்னல் கெட்டுவிட்டதா?

மற்றொருவர் கேள்வி: குளிர்காலம் வந்தாலே வீட்டுக்குள் காற்று வறண்டு, உதடு வெடித்து, குழந்தைக்கு மூக்கில் இரத்தம் கசிகிறது. ஈரமூட்டும் கருவி வாங்கலாமா?

பதில்: ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரு கடிதங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெளியே −10 டிகிரியும் உள்ளே 20 டிகிரியும் இருக்கும்போது, ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் உறைநிலைக்கும் கீழே, ஏறக்குறைய −2 டிகிரிக்கு இறங்கிவிடும். இரட்டைக் கண்ணாடியின் உட்புறம் 9 டிகிரி அளவில் நிற்கும். அதன் விளிம்புகள் அதைவிடக் குளிர்ந்திருக்கும். அறையின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால், 9 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்கும். ஆகவே முதல் வாசகரின் ஜன்னல் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். நான்கு பேர் வாழும் வீட்டில் சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு ஆகியவற்றால் ஒரு நாளில் ஏறத்தாழ 10 லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. குளியலறைக் காற்றாடியைக் குளித்து முடித்த பின்பும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள்; அறைக்குள் துணி உலர்த்துவதை நிறுத்துங்கள்; திரைச்சீலைகளைப் பகலில் முழுவதும் விலக்கிக் கண்ணாடிமீது அறையின் சூடு படும்படி செய்யுங்கள். ஒரு சிறு ஈரமானியை வாங்கி மாட்டினால் ஊகம் தேவைப்படாது. உறைநிலைக்கு மேலே இருக்கும் நாட்களில் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கலாம். கடுங்குளிரில் 30க்கு அருகே வைத்துக்கொள்வதே வீட்டுக்கு நல்லது.

இரண்டாவது வாசகரின் வீட்டில் நடப்பது வேறு. குளிர்ந்த காற்றால் மிகக் குறைந்த நீராவியைத்தான் சுமக்க முடியும். −10 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் காற்றையே உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினாலும், அதன் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். குளிர்காலத்தில் ஒரு வீடு மிகவும் வறண்டிருக்கிறது என்றால், வெளிக்காற்று அளவுக்கு மீறி உள்ளே புகுந்துகொண்டிருக்கிறது என்றே நான் முதலில் ஐயப்படுவேன். ஈரமூட்டும் கருவியை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஊட்டும் ஈரம் பரண் ஓட்டைகளின் வழியே ஏறிக் கூரையின் உட்பலகையில் உறைபனியாகப் படிந்து, வெயில் வந்ததும் உருகிச் சொட்டும். அதைப் பார்த்துக் கூரை ஒழுகுகிறது என்று ஆளை அழைத்தவர்களும் இருக்கிறார்கள். முதல் கேள்விக்குச் சொன்ன ஊதுபத்தி வேலையை நீங்களும் செய்துவிட்டுக் கருவிக்குப் போங்கள்.

கேள்வி: குளிர்காலத்தின் நடுவில் மூன்று வாரம் வெளியூர் போகிறோம். ஹீட்டரை முழுவதும் அணைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: கூடாது. தெர்மோஸ்டாட்டை 13 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். அறை நடுவில் 13 டிகிரி இருந்தால், சுவருக்குள் ஓடும் குழாயருகே அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். தலைமை வால்வை மூடி, மிகத் தாழ்ந்த திருகையும் மிக உயர்ந்த திருகையும் திறந்து நீரை வடித்துவிடுங்கள். கழிவறைத் தொட்டியையும் ஒரு முறை காலி செய்யுங்கள். ஆனால் வீட்டைச் சூடாக்குவது பாய்லரும் ரேடியேட்டரும் என்றால், அந்தச் சுற்றுக்குழாய் நீர் தனியானது. பழக்கமில்லாமல் அதில் கைவைக்க வேண்டாம். மின்சாரம் போனால் ஹீட்டரும் நின்றுவிடும் என்பதால், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை உள்ளே வந்து பார்க்கும்படி அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். வால்வு இருக்கும் இடத்தையும் அவருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: கூரை ஓரத்தில் தொங்கும் நீளமான பனிக்கூம்புகள் பார்க்க மிக அழகாக இருக்கின்றன. அவற்றைத் தட்டிவிட வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படியே விட்டால் என்ன?

பதில்: அழகுதான், ஆனால் அவை உங்கள் பரணைப் பற்றிய ஒரு முறையீடு. வீட்டுச் சூடு பரணுக்குள் கசிந்து கூரையைச் சூடாக்க, மேலே படிந்த பனியின் அடிப்படலம் உருகி நீராக வழிகிறது. அந்த நீர், அடியில் வீடு இல்லாத குளிர்ந்த இறவாரத்துக்கு வந்ததும் மீண்டும் உறைந்து ஓர் அணையாகிவிடுகிறது. பின்னால் வழிந்து வரும் நீர் அந்த அணைக்கு மேலே தேங்கி, ஓடுகளுக்கு அடியில் புகுந்து, சில நாளில் உங்கள் படுக்கையறைச் சுவரில் மஞ்சள் கறையாகத் தெரியும். கூம்புகளைத் தட்டிவிடுவதால் அணை போய்விடாது. கோடரியால் வெட்டப் போனால் ஓடுதான் உடையும். தரையில் நின்றபடியே நீண்ட பிடியுள்ள பனிவாரியால் கூரையின் கீழ்ப்பகுதிப் பனியை இழுத்து இறக்குவது இந்த ஆண்டுக்கான தற்காலிக வழி. பரணின் ஓட்டைகளை அடைத்து, காப்பைக் கனமாக்கி, இறவாரத்திலிருந்து கூரை முகட்டுக்கு வெளிக்காற்று தடையின்றி ஓடும்படி செய்வதே நிலையான வழி. இலையுதிர் காலம் முடிந்ததும் பீலிகளில் அடைத்த சருகுகளை அள்ளிவிடவும் மறக்க வேண்டாம்.

பனியின் எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக விழுந்த உலர்பனி 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 15 முதல் 30 கிலோ வரை இருக்கும். அதே உயரம் நனைந்து இறுகிய பனியாக இருந்தால் 100 கிலோவைத் தொடும். தட்டைக் கூரை உள்ளவர்கள் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

கேள்வி: விறகு அடுப்பு வைத்திருக்கிறோம். சென்ற மாதம்தான் விறகு வெட்டி அடுக்கினோம். போதுமா?

பதில்: அது அடுத்த குளிர்காலத்துக்கான விறகு. பச்சை மரத்தின் எடையில் பாதிவரைகூட நீராக இருக்கலாம். அதை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி அந்த நீரைக் கொதிக்கவைப்பதிலேயே செலவாகும். புகையும் குளிர்ந்து, கிரியோசோட் என்னும் தார் போன்ற பொருளாகப் புகைபோக்கியின் உட்சுவரில் படியும். அது ஒரு நாள் தீப்பிடித்தால் புகைபோக்கியே அடுப்பாகிவிடும். விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு ஓராண்டும், கடினமான மரத்துக்கு இரண்டாண்டும் கூரைக்கடியில் காற்றோட்டமாகக் காய வேண்டும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், பச்சை மொத்தென்று ஒலிக்கும். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறை ஆளை வைத்துத் துப்புரவு செய்யுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், அதை மூடியுள்ள தகர வாளியில் போட்டு வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: மின்தடைக்காக ஒரு ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். வாகனக் கொட்டகையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே ஓட்டலாம் அல்லவா?

பதில்: ஒருபோதும் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஜெனரேட்டர் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், களைப்பு என்று சளிக்காய்ச்சல்போலத் தொடங்கி, தூங்குபவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். கதவு திறந்திருப்பது போதாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில், புகைக்குழல் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி இருக்க வேண்டும். கரி அடுப்பையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். அதன் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்துக் காலாவதியானதை மாற்றுங்கள். சுவர் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹீட்டர் புகைக்குழாயைப் பனிக்குவியல் மூடினாலும் இதே நச்சு உள்ளே திரும்பும் என்பதால், ஒவ்வொரு பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகும் முதலில் வாரவேண்டியது அந்தக் குழாயைச் சுற்றியுள்ள பனியைத்தான்.

கேள்வி: நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். சுவரில் எதையும் மாற்ற முடியாது. எனக்கு ஏதாவது உண்டா?

பதில்: ஜன்னல் சட்டத்தில் ஒட்டி, சூடுகாட்டி இறுக்கும் பிளாஸ்டிக் படலம் உண்டு, வசந்தத்தில் உரித்துவிடலாம். கதவடிக்கு மணல் நிரப்பிய துணிச்சுருள் போதும். ரேடியேட்டருக்கு முன்னால் கிடக்கும் சோபாவை நகர்த்துங்கள், கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தனி மின் ஹீட்டர் வைத்தால் படுக்கைக்கும் திரைச்சீலைக்கும் அதற்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கட்டும். நீட்டிப்பு வயரில் மாட்டாமல் சுவர்ச்செருகியிலேயே மாட்டுங்கள்.

கேள்வி: வாசற்படியில் உப்புத் தூவியும் பனிக்கட்டி உருகவில்லை. உப்பு போலியானதா?

பதில்: உப்பின்மேல் குறையில்லை. சாதாரண உப்பு −9 டிகிரி வரைதான் பயன்படும் வேகத்தில் வேலை செய்யும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு தேவை. எதைத் தூவினாலும் பனியை வாரிய பிறகு தூவுங்கள். புதிதாகப் போட்ட கான்கிரீட் படியாக இருந்தால் முதல் குளிர்காலத்தில் இரண்டையும் தவிர்த்துவிட்டு மணலைத் தூவுங்கள்; உருகாவிட்டாலும் கால் வழுக்காது. மணல் வாளியைக் கதவுக்கு உட்புறத்திலேயே வையுங்கள், வெளியே வைத்தால் ஈரமணல் ஒரே இரவில் கல்லாக இறுகிவிடும்.